ஏழாவது பொருள்

மழைக்குழாய்க்கு நாற்பது நிமிடம் போனது.
ஹெஸ்பாவுக்கு பிளாஸ்டிக் போதும்,
ஆல்வினுக்கு பழைய இரும்புதான் இரும்பு.
எங்களிடம் ஓட்டெடுப்பு கிடையாது.
கைகளை எண்ணினால்
யாராவது ஒருவர் தோற்று வீட்டுக்குப் போவார் என்று
முந்நூறு வருடத்துப் பயம்.
ஆகவே ஒரு குழாய்க்காகக்கூட
கண்மூடிக் காத்திருக்கிறோம்,
மேலே அது ஒழுகிக்கொண்டிருக்க.

பிறகு ஏழாவது பொருள்:
வியாழக்கிழமை மாலைகளில்
நீர்மூழ்கி கட்டும் தளத்தின் வாசலில்
பதாகை பிடித்து நிற்பதா.

ஸ்கெல்கார்த்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு
அந்தத் தளத்தில்தான் உலை வைக்கிறது.
பதினொரு பேர் வட்டமாக. இருமுகிற ஹீட்டர்.
நான் எழுத்தர். மடியில் பேரேடு,
மூடி திறந்த பேனா காய்ந்துகொண்டிருக்கிறது.

லெட்டிஸ் எழுந்தாள், எண்பத்திரண்டு வயது.
அறுபத்தொன்றில் நடுத்தெருவில் உட்கார்ந்து
பதினான்கு நாள் சிறையிருந்தவள்.
"கால் வலிக்கிறது.
ஆனாலும் நிற்கலாம் என்று தோன்றுகிறது"
என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

நெடுநேரம் கழித்து ஆல்வின்:
"என் மகள் ரோவீனா அங்கே வெல்டர்.
அவள் ஒட்டவைக்கும் உருளைக்குள்
எது போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும்.
போன குளிர்காலத்தில் என் கொதிகலன் நின்றபோது
அவள் சம்பளம்தான் என்னைச் சூடாக வைத்தது.
அந்த உப்பைத் தின்ற வாயை
எந்தப் பதாகைக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன்?"

யாரும் பதில் சொல்லவில்லை.
சொல்லக்கூடாது என்பது வழக்கம்.
கிணற்றில் போட்ட கல்
அடி தொடட்டும் என்று விடுவோம்.
அன்று தொடவில்லை.

எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்:
*நாங்கள் ஒரு மனதாக இல்லை.
அடுத்த மாதமும் இல்லாமல் போகலாம்.*
வாசித்துக் காட்டினேன். தலையசைத்தார்கள்.

மூன்றாம் மாதம் அவர் எழுந்து
"நான் விலகி நிற்கிறேன்.
சேரவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன்" என்றார்.
அதையும் எழுதினேன்.
அந்த வரியில் மை கொஞ்சம் ஊறிப் பரவியிருக்கிறது.
குழாயின் வேலை.

வியாழன், ஐந்தரை, ஷிப்ட் முடியும் நேரம்.
நான்கு பேர் நின்றோம்.
பதாகையின் பெயிண்ட் மழையில் இறங்கி
என் கையுறை நீலமானது.
ஒரு கார் ஹாரன் அடித்தது, எதற்கென்று தெரியவில்லை.
சைக்கிளில் வந்த பையன் காலூன்றி நின்று கேட்டான்:
"இதை மூடிட்டா எனக்கு வேலை நீங்க தருவீங்களா?"
லெட்டிஸ் சொன்னாள்,
"தெரியலையே கண்ணு. நியாயமான கேள்வி."
அவன் சிரிக்கவில்லை. போய்விட்டான்.

அந்தக் கேள்விதான் எங்கள் எட்டாவது பொருள்.
இந்தக் கைகளால் வேறென்ன கட்டலாம் என்று
தொழிற்சங்கத்துக்கு நான்கு கடிதம் போட்டோம்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
*கிடைத்தது.*

ஆறாவது வியாழன்
ஒரு வேன் நின்று கண்ணாடி இறங்கியது.
ரோவீனா. புருவத்தில் கரி.
திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கினேன்.
"அப்பா சொன்னார்,
உங்க கூட்டவீட்டுல இன்னும் ஒழுகுதாமே."

சனிக்கிழமை ஏணி போட்டு ஏறினாள்.
பழைய வார்ப்பிரும்பு பற்றுவது கஷ்டம்,
உத்தரவாதம் இல்லை என்று முன்கூட்டியே சொன்னாள்.
தீப்பொறிகள் கல்லறைப் புல்லில் விழுந்து அணைந்தன.
கூலி கேட்டாள், முழுக் கூலி. கொடுத்தோம்.
வாசலைப் பற்றி அவளும் பேசவில்லை,
நாங்களும் பேசவில்லை.
ஆல்வின் அன்று வரவில்லை.

வடக்கு மூலையில் ஒரு இணைப்பு
இப்போதும் சொட்டுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறோம்.
இந்த மாதக் குறிப்பில்
குழாயை முடிந்தது என்று எழுதலாமா என்று கேட்டேன்.
ஹெஸ்பா, "காத்திருப்போம்" என்றாள்.
எல்லோரும் கண்ணை மூடினார்கள்.